ஏழு நிமிடம்

உட்லண்ட்ஸ் இன்டர்சேஞ்சில்
அடுத்த சுற்றுக்கு ஏழு நிமிடம்.
என்ஜினை அணைத்தால் ஏர்கானும் நின்றுவிடும்.
மேல்தளத்துக் கடைசி இருக்கையில்
யாரோ மறந்துபோன குடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
கண்ணை மூடுகிறேன்.

"அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம தகப்பனே,
நாங்கள் அறிந்தும் அறியாமலும் செய்த
குற்றங்குறைகளை எல்லாம்…"

வாய் தானாக ஓடுகிறது.
அதற்குப் பழகிய தடம்.
எல்லா நிறுத்தத்திலும் நிற்கும்,
யாரும் ஏறுவதில்லை, இறங்குவதுமில்லை.

நாங்கள் என்கிறேன்.
பஸ்ஸில் நான் மட்டும்தான் இருக்கிறேன்.

புதன்கிழமை, ஈசூன் வீட்டுக்கூட்டம்.
எப்சிபா அக்கா ஆளுக்கொரு சீட்டு நீட்டி
ஜெபக்குறிப்பு எழுதச் சொன்னார்.
சாலைப் பாதுகாப்பு என்று எழுதினேன்.
பதினோரு பேர் என் சாலைப் பாதுகாப்புக்காகக்
கண்ணீரோடு மன்றாடினார்கள்.
எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது நான்.
பிறகு சேமியா கேசரி.
இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டேன்.

ஆண்டவரே,
குற்றங்குறைகள் இல்லை.
ஒரு குற்றம்.
பணிமனை, மூன்றாம் வரிசை,
விடிகாலை நாலு நாற்பது, மழை.
பின்னுக்கு எடுத்தபோது
பக்கத்து வண்டியின் இடது கண்ணாடியை உடைத்தேன்.
சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தேன்.
ஈரத்தரையில் ஒரே விளக்கு நூறு துண்டாகக் கிடந்தது.
ஏறி, கிளப்பிக்கொண்டு போய்விட்டேன்.

முந்தின இரவு அந்த வண்டியை நிறுத்தியவர் ரஸ்லான்.
உடைத்துவிட்டு மறைத்தார் என்று
அவர் போனஸில் முந்நூற்று இருபது வெள்ளி வெட்டினார்கள்.
அறியாமல் என்று பேச்சுக்குக்கூடச் சொல்ல முடியாது.
வெட்டிய அன்றே எனக்குத் தெரியும்.

இன்று காலை ஓய்வறையில்
பீசாங் கோரேங் பொட்டலத்தைப் பிரித்து
எடுத்துக்கொள் என்று நீட்டினார்.
எடுத்துக்கொண்டேன்.
சூடாக இருந்தது.

இப்போது கேட்கவேண்டிய இடம்.
தைரியம் தாரும் என்றால் அழகாக இருக்கும்.
பொய்.
எனக்குத் தைரியம் வேண்டாம்.
எனக்கு என்ன வேண்டும் என்று உமக்குத் தெரியும்,
என் வாயால் நீர் அதைக் கேட்டதில்லை.

பணிமனைக் கேமரா முப்பது நாள்தான் வைத்திருக்குமாம்.
அப்புறம் பழையதன்மேல் புதியதைப் பதிந்துகொள்ளுமாம்.
அந்த மூலையை இதுவரை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.
இன்று இருபத்தாறாம் நாள்.
இன்னும் நாலு நாள்
யாரும் பார்க்காமல் போகட்டும்.

இதுதான்.
சோற்றுக்கு முன்னால் கண்ணை மூடியபோதெல்லாம்
நன்றிக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது இதுதான்.
இருபத்தாறு நாளில் நான் உண்மையாகச் செய்த
ஒரே ஜெபம்.

சொல்லிவிட்டேன்.
காதுக்கு எவ்வளவு சின்னதாக, எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது.
பாரம் இறங்கவில்லை.
வயிறு பிசைகிறது.
ஆனால்
முன்னிருக்கையில் யாரோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல்,
கேட்டது பிடிக்காமலும்
எழுந்து போகாமலும்.

இரண்டு நிமிடம் பாக்கி.

ரஸ்லான். முந்நூற்று இருபது. இடது கண்ணாடி.
இதைத் தாண்டிப்போய் என்னை ஆசீர்வதிக்காதேயும்.
அதையும் கேட்டுவிட்டேனா?
கேட்டேன்.
வாய் தவறியது என்று இனிமேல் சொல்ல முடியாது.

குடையை எடுத்துக்கொண்டு கீழே இறங்குகிறேன்.
தொலைந்த பொருள் படிவம்:
கறுப்புக் குடை. பிடியில் கீறல்.
மேல்தளம், கடைசி இருக்கை, இடப்புறம்.
பிற்பகல் மூன்று பன்னிரண்டு.
ஒரு குடைக்கு எத்தனை துல்லியம் என் கையெழுத்து!
கண்டவர் பெயர் என்ற கட்டத்தில்
பேனா சற்று நின்று, பிறகு எழுதுகிறது:
ஞானசிகாமணி.

கதவைத் திறக்கிறேன்.
கார்டு தட்டும் ஒலி, ஒன்று, இன்னொன்று,
தள்ளுவண்டியோடு ஒரு சீன மூதாட்டி,
தேங்க்யூ அங்கிள் என்று ஒரு பள்ளிப் பையன்.

ஆமென்
இன்னும் சொல்லவில்லை.