நான்கு விரற்கடை, மூன்று நூல்

உங்கேனி நிலையத்துக்கு
புக்கரெஸ்ட் போகும் வண்டி இரவில்தான் வரும்.
இந்தப் பக்கம் தண்டவாளம் அகலம்.
ப்ரூட் ஆற்றைத் தாண்டினால் குறுகல்.
வித்தியாசம், அளந்து பார்த்தால்,
நான்கு விரற்கடையும் மூன்று நூலும்.
அதற்காகத்தான் எனக்குச் சம்பளம்.

பெட்டிகளைத் தனித்தனியே கழற்றுவோம்.
கழிப்பறைகளைப் பூட்டச் சொல்வோம்.
ஆட்கள் இறங்க வேண்டியதில்லை;
தேநீர், தலையணை, யாரோ பிரித்த பூண்டு வாசனை,
எல்லாம் இருந்தபடியே
நான்கு ஜாக்கிகளின் மேல் எழும்பும்,
ஓர் ஆள் உயரம்.
மூன்றாம் பெட்டி என்னுடையது.
பச்சைப் பொத்தான் ஏற்ற. கறுப்பு இறக்க.
சிவப்பை ஒன்பது வருடத்தில்
இரண்டே முறை தொட்டிருக்கிறேன்.

கீழே திரோஃபிம் வடம் மாட்டி
அகலச் சக்கரங்களை இழுத்துக்கொண்டு போவான்.
ஒவ்வொன்றையும் சுத்தியலால் ஒரு தட்டு.
நல்ல சக்கரம் கணீரென்று பேசும்.
விரிசல் விட்டது
கடன் வாங்கியவனைப் போல
பாதிப் பேச்சில் நிறுத்திக்கொள்ளும்.

ஏற்றுவதில் ஒன்றுமில்லை.
இறக்குவதுதான் வேலை.
பெட்டியின் அடியில் தொங்கும் தண்டு
புதுச் சட்டத்தின் குழிக்குள்
நேராகப் போய் உட்கார வேண்டும்.
மயிரிழை தப்பினால்
ஐம்பது டன்னும் ஒரே மூலையில் நிற்கும்.
எஃப்ரோசினா இருந்தவரை
விளக்கு அடித்துப் பார்க்கவே மாட்டாள்.
கையுறையைக் கழற்றி
பெட்டியின் வயிற்றில் உள்ளங்கையை வைப்பாள்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
உட்கார்ந்துவிட்டதா?
இரண்டு தட்டு. கொஞ்சம் இடைவெளி. ஒரு தட்டு.
மோட்டார் இரைச்சலில் பேச்சு எடுபடாது,
அதனால் அவளே ஏற்படுத்திய கணக்கு.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை.
அலமாரியில் கையுறை, சாவி,
அரை டப்பா சூரியகாந்தி விதை.
விலகல் கடிதத்தில் ஒரே வரி.
யாரும் போன் பண்ணினால் எடுக்கவில்லை.
பொலோன்யாவில் வேலை பேசியிருக்கிறாள்,
படுத்த படுக்கையாய் யாரோ, என்றார்கள்.
விதைகளை நான் தின்று தீர்த்தேன், கோபத்தில்.

நேற்று பனி.
எண்ணெய் கட்டிப்போய் ஜாக்கி முனகியது.
ஏற்றினேன். மாற்றினோம். இறக்கினேன்,
அங்குலம் அங்குலமாக.
திரோஃபிம் விளக்கோடு குனிந்திருந்தான்,
இன்னும் கை தூக்கவில்லை.
அப்போது மேலே, உள்ளிருந்து,
பெட்டியின் தரையில்:
இரண்டு தட்டு.
இடைவெளி.
ஒரு தட்டு.

என் விரல் என்னைக் கேட்கவில்லை,
நிறுத்தியது.
திரோஃபிம் அடியில் ஊர்ந்து போய்ப் பார்த்தான்.
வெளியே வந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு,
"உட்கார்ந்திருக்கிறது" என்றான்.
அதற்கு மேல் அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்பது ஜன்னல்கள். ஒன்பதிலும் திரை.
கடவுச்சீட்டு முத்திரை விழுந்த பெட்டிக்குள்
எங்களுக்கு ஏற அனுமதி இல்லை.
சுத்தியலை எடுத்தேன்.
பிறகுதான் உறைத்தது,
எங்கள் கணக்கில்
பதில் தட்டு என்று ஒன்றை
நாங்கள் வைத்துக்கொள்ளவே இல்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
மூன்றாம் பெட்டி. தாமதம் நான்கு நிமிடம்.
காரணம், குளிர்ந்த எண்ணெய்.

வண்டி பாலத்துக்குப் போய்விட்டது.
இதுவரை அவளைக் கொண்டுவந்த எட்டுச் சக்கரங்கள்
ஏழாம் தடத்தில் நிற்கின்றன,
விளிம்பில் பனி உருகிச் சொட்ட.
திரும்பும் வண்டி எதற்காவது மாட்டுவார்கள்.
எண்களைக் குறித்து வைத்திருக்கிறேன்,
யாரும் கேட்கவில்லை.