அச்சு மை

கப்பல் வந்து மூன்று நாளாகிறது.
துறைமுகம் இல்லாத தீவு நார்ஃபோக்;
அலை அடங்கும்வரை அது அங்கேயே ஆடும்,
மாவும் டீசலும்
என் அச்சு இயந்திரத்தின் மையும் வயிற்றில்.

கான்பெராவிலிருந்து நிலம் மதிப்பிட வந்தவன் நான்.
முதல் நாளே நடுச்சாலையில் ஒரு பசு.
இங்கே அதற்குத்தான் முன்னுரிமையாம்.
காத்திருந்தேன். அசைபோட்டது.

உரிமையாளர்: டெல்மா குவிண்டால்.
பெயரை எடை என்று நினைத்து
முன்னால் ஓர் எண்ணைத் தேடினேன்.

கென்டியா பனை விதைகளைப் பொறுக்கிப் பிரித்தபடி
நிமிராமலே கேட்டாள்:
"எங்கள் சட்டமன்றத்தை மூடினீர்கள்.
எங்கள் ஓட்டு இப்போது
ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் போய்
உங்கள் ஊர்க் கணக்கில் விழுகிறது.
உங்கள் தெருவில் யாருக்காவது தெரியுமா,
இன்று படகு இறங்குமா என்று?"

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
எட்டுக்கு ஐந்து,
பசுக்கள் நீங்கலாக,
என்று எழுதி அடித்தேன்.

நான்காம் நாள் கடல் இறங்கியது.
கிங்ஸ்டன் படகுத்துறையில் ஆள் போதவில்லை.
டெல்மா என் பக்கம் பார்த்தாள், அவ்வளவுதான்.
கழுத்துப்பட்டியைப் பையில் திணித்துக்கொண்டு
வரிசையில் நின்றேன்.
மாவு, மாவு, ஒரு சலவை இயந்திரம், மாவு.
கடைசியாகக் கைக்கு வந்தது
என் மைப்பெட்டி,
ஒரு மூலை நனைந்து.