மச்சானை இருநூற்றுப் பதினாலு தடவை சுட்டது

தொண்ணூற்றாறு ஆகஸ்டில்
கலிபோர்னியாவிலிருந்து இரண்டு பையன்கள் வந்தார்கள்,
அலபாமாவில், டாம்பிக்பி ஆற்றோரம்
என் தூண்டில்புழுக் கடைக்கு.
ஒருத்தனுக்குக் குடுமி.
இன்னொருத்தனுக்கு வெயில் ஆகவில்லை.
"அய்யா, கொஞ்சம் திட்டுங்கள்" என்று
டேப் ரிக்கார்டரை நீட்டினார்கள்.
நாற்பது வருஷமாய் இலவசமாய்ச் செய்த வேலைக்கு
முதல் தடவையாக இருபது டாலர்.

திட்டினேன்.
லாரியை, வரியை, வானிலை சொல்பவனை,
என் இடது முழங்காலை,
இரவல் போய்த் திரும்பாத
ஒன்பது குதிரைசக்தி படகு மோட்டாரை.
நடுவில் ஓர் ஏப்பம் தானாக வந்தது.
அதையும் எடுத்துக்கொண்டார்கள்.
ஏப்பத்துக்குத் தனியாக ஐந்து டாலர்
கேட்டிருக்க வேண்டும் என்று
லுவெல்லா இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.

மோட்டாரைக் கொண்டுபோன அவள் தம்பி ஹாய்ட்டை
நிற்கவைத்துப் போட்டோ பிடித்தார்கள்:
முன்னால், பின்னால், இரண்டு பக்கவாட்டில்,
அப்புறம் விழச் சொல்லி.
விழுவது அவனுக்குக் கைவந்த கலை.
சனிக்கிழமைதோறும் ஒத்திகை.

அடுத்த வருஷம் தபாலில் ஒரு வட்டு.
கவுன்டி ஆபீஸ் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரில்
மூன்று நாள் மல்லுக்கட்டி ஏற்றினோம்.
திரையின் அடியில் ஒரு கை, கையில் துப்பாக்கி.
கைக்குப் பின்னால் ஆள் இல்லை.
ஆனால் வாயைத் திறந்தால் நான்.

கதை இவ்வளவுதான்:
வேற்றுக்கிரகத்தார் இறங்கிவந்து
ஊரிலுள்ள குளியல்தொட்டிகளை எல்லாம்
களவாடிவிட்டார்கள்.
எதற்கென்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை.
ஊர்க்காரர் வேஷத்தில் திரிகிறார்கள்.
ஊர்க்காரர் என்றால் ஹாய்ட்.
பெட்ரோல் பங்கில் ஹாய்ட்.
கோழிப்பண்ணைக் கூரையில், பச்சை ரத்தம் ஒழுக, ஹாய்ட்.
தேவாலயத்தில் வரிசையாய் ஆறு ஹாய்ட்.
அங்கேதான் வேஷம் கலைந்தது.
அவனாவது, தேவாலயமாவது.
அந்த ஆறு பேரை முதலில் சுட்டேன்.

பன்றித்தோல் வறுவல் தின்றால் காயம் ஆறும்.
சாராயம் குடித்தால் இன்னும் சீக்கிரம் ஆறும்,
உலகம்தான் இடப்பக்கம் சாயும்.
இந்த ஒன்றை மட்டும் பையன்கள்
நேரில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.
பன்றியோ, வெறும் அட்டைப் பன்றி.
எந்தப் பக்கம் சுற்றிப் போனாலும்
மூஞ்சியையே காட்டும்,
கடன் கொடுத்தவன் போல.
அதற்கு வாலே கிடையாது.

செத்தால் என் குரல் சொல்லும்: "அட, போச்சுடா."
ஒரு ராத்திரி முப்பது தடவை போச்சு.
சமையலறையிலிருந்து லுவெல்லா:
"ஓடெல், அங்கே செத்தது போதும்.
குப்பையைக் கொண்டுபோய்ப் போடு."

ஞாயிறு மதியம் ஹாய்ட் வந்தான்,
வழக்கம்போல் வெறுங்கையோடு.
"இதுவரைக்கும் எத்தனை?" என்றான்.
"இருநூற்றுப் பதினாலு."
வருத்தப்படவில்லை.
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு
தான் சாவதைத் தானே பார்த்தான்.
"அந்தத் தொப்பி எனக்கு எடுப்பாய்த்தான் இருக்கிறது."

அப்புறம் குரலைத் தாழ்த்தி,
"உன் கடைக்குள்ளே போ மச்சான்.
கோலா பெட்டிக்குப் பின்னால் சுவரைத் தட்டு."

சுவர் கரகரவென்று மேலே ஏறியது.
ஜன்னல் இல்லாத ஓர் அறை.
நடுவே, அந்தரத்தில், மெல்லச் சுற்றிக்கொண்டு
என் ஒன்பது குதிரைசக்தி மோட்டார்.
மூடியில் நான் ஒட்டிய நீல டேப்
நாலே நாலு கட்டப் புள்ளியாய்.

"குடுமிக்காரனிடம் சொல்லி வைக்கச் சொன்னேன்,"
என்றான். "எடுத்துக்கோ. கணக்குத் தீர்ந்தது."

கிட்டே போனேன். முட்டினேன்.
இருக்கிற பொத்தானை எல்லாம் அமுக்கினேன்.
மோட்டார் பாட்டுக்குச் சுற்றியது.
ஸ்பீக்கரில் என் குரலே அலுத்துக்கொண்டது:
"இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?"

எழுந்து
நிஜ ஹாய்ட்டைச் சுற்றி
ஒரு முழுச்சுற்று நடந்துவந்தேன்.
என் பீரைக் குடித்தபடி,
நாற்காலியோடு திரும்பித் திரும்பி,
முகத்தையே காட்டினான்.