நாலடி தூரம்

முதுநகர் துறைமுகம். என் கடை மேசையில்
போல்ட் டப்பாக்களை ஒதுக்கி
மூன்று மெஷின்கள்.

முதலாவதற்கு மாத வாடகை.
"தடைக்காலம் அறுபத்தொரு நாளுக்குமா?" என்றேன்.
ஏஜென்ட் பையன் சிரித்தான்.
கட்டத்தான் வேண்டுமாம்.

இரண்டாவது மலிவு.
ஆனால் கடைக்குள் சிக்னல் கிடையாது.
கார்டும் கையுமாக
உப்பனாற்றுப் பக்கம் நாலடி நடந்து
தூக்கிப் பிடித்தால் வருகிறது.

மூன்றாவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.
பேப்பர் ரோல் இலவசம்,
காலையில் பணம் கணக்கில்.
கூடவே ஒரு பேசும் பெட்டி;
தட்டிக் காட்டினான்:
"நாலாயிரத்து இருநூறு ரூபாய் பெறப்பட்டது."
ஐஸ் கம்பெனிவரை கேட்டிருக்கும்.

ஐஸ் கம்பெனியில் மரியசூசைக்குப் பாக்கி.
எதிர்த்த வலைக்கடையிலும்.
தண்டல்காரர் டீ குடிப்பதே என் வாசலில்.
புரொப்பெல்லர் போட்டால்தான் படகு நகரும்,
படகு நகர்ந்தால்தான்
யார் கடனும் அடையும்.
இதை யார் போய் அவர்களுக்கு விளக்குவது?

"சத்தத்தைக் குறைக்கலாமா தம்பி?"
"ஓரளவுக்கு, அக்கா.
வாயை அடைக்க முடியாது."

கையெழுத்துப் போட்டேன்,
இரண்டாவதற்கு.

பையனுக்குப் புரியவில்லை.
இரண்டு தரம் கேட்டான்.

நாலடிதானே.
மழை வந்தால்
மெஷினுக்கு ஒரு பாலிதீன் பை.