பன்னிரண்டாவது பெட்டி

பதினொரு பெட்டி.
ஒவ்வொன்றும் சோப்பு டப்பா அளவு.
பழைய ரவுட்டர்களின் மூளையைக் கழற்றி
இன்னாசி வேறு மூளை எழுதினான்.
டவர் வேண்டாம், கம்பெனி வேண்டாம்,
ஒரு பெட்டி இன்னொன்றின் முகம் பார்த்தால் போதும்,
சொல் கைமாறிக் கைமாறி ஊர் சுற்றிவிடும்.
"இதுக்குத் தலைமைன்னு ஒண்ணு கிடையாது" என்றான்.

ஆனால் உயரம் வேண்டும்.
கானாடுகாத்தானில் உயரம் என்பது
பூட்டிக் கிடக்கும் வீடுகளின் மொட்டைமாடி.
வீட்டுக்காரர்கள் சென்னையில், சிங்கப்பூரில்.
சாவி பூமயிலின் இடுப்பில்.
ஏழு வீட்டைக் கூட்டிப் பெருக்க மாதம் மூவாயிரம்.
"கேமராவா?"
"இல்லைக்கா."
"அப்ப ஏறுங்க."

தேனப்பன் விடுமுறைக்கு வந்திருந்தான்,
ஏணி பிடித்தான், பேசிக்கொண்டே இருந்தான்:
இது எங்களுக்குப் பழசு, உண்டியல் மாதிரி,
ரங்கூனில் எழுதின தாளுக்குத் தேவகோட்டையில் பணம்,
ராஜா இல்லை, வாய்ச்சொல்தான் வலை.
அந்தத் தாளை என் முப்பாட்டன் நீட்டியிருந்தால்
பணம் கொடுத்திருப்பீர்களா என்றேன்.
ஐராவதிக் கரையில் வட்டி கட்டியவனுக்கு
அந்த வலையில் என்ன பெயர் என்றேன்.
தெரியவில்லை என்றான்.
நல்ல பையன். திருகாணி எடுத்துக் கொடுத்தான்.

முதல் மாதம் ஊருணித் தண்ணீர், காய்ச்சல் மாத்திரை,
காணாமல்போன ஆடு.
இரண்டாம் மாதம்
பாரம்பரிய ஓட்டல்களில் பாத்திரம் கழுவும் பெண்கள்
தங்கள் கூலியை எழுதத் தொடங்கினார்கள்.
ஒரே வேலை, ஒரே நாள், மூன்று விலை.
அடுத்த வாரம் ஒரே விலை.
அன்று நான் நம்பினேன்.
இப்போதும் அந்த வாரத்தை நம்புகிறேன்.

ஆடியில் ஒரு ஊர்வலம் கைகலப்பாகி
மாவட்டத்துக்கே இணையத்தை நிறுத்தினார்கள்.
எல்லார் போனும் ஊமை.
எங்கள் பதினொன்று மட்டும் பச்சையாய்ச் சிமிட்டின.
இன்னாசி கைதட்டினான்.
ஒன்பதரைக்கு வந்தது செய்தி:
காலனிக்காரங்க கல்லோட வர்றாங்க.

யார் எழுதியது என்று தெரியாதபடிக்குத்தான்
நாங்கள் அதைக் கட்டியிருந்தோம்.
யாரையும் கேட்காமல், யாரும் மறிக்காமல்,
பெட்டிக்குப் பெட்டி தாவி,
ஒரு எழுத்துக்கூடச் சிந்தாமல்
அது எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.
நான் காலனிக்காரி.
என் கையில் கல் இல்லை,
சூடு ஆறாத பற்றவைப்புக் கம்பி இருந்தது.

பூமயில் இருட்டில் நாற்பத்தொரு படி ஏறி
பிளக்கைப் பிடுங்கினாள்.
மேற்கே மூன்று தெரு அறுந்தது. பொய் அங்கே நின்றது.
கூடவே, சரசு மகளுக்கு வலி கண்டிருக்கு,
வண்டி வேணும் என்ற செய்தியும்.
ஒரு மணி நேரம் தாமதம். பிள்ளை பிழைத்தது.
பிழைத்ததை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

மறுநாள் ரேஷன் கடை வாசலில் பதின்மூன்று பேர்.
"உனக்கு யாருக்கா அதிகாரம் கொடுத்தது?"
இன்னாசிக்குக் குரல் நடுங்கியது.
"நீங்கதான். எல்லாத் தெருவுக்கும் வழிய
என் மாடி வழியா வச்சீங்க."
கொஞ்சம் நிறுத்தி,
"என் மாடின்னு வேற சொல்றேன் பாருங்க" என்று
அவளே சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

காலனித் தண்ணீர்த்தொட்டி மேல் இன்னொரு பெட்டி வைத்தால்
மாளிகைச் சாவி தேவையில்லை.
எந்த ஒரு கையும் ஊரை அறுக்க முடியாது.
"பொய்க்கும் ரெண்டு வழி ஆயிரும்" என்றாள் பூமயில்.
அதற்கு எங்களிடம் பதில் இல்லை. வாக்கெடுத்தோம்.
ஏழுக்கு ஆறு.

தொட்டியின் உச்சியில் காற்று பலமாக இருந்தது.
கம்பியைக் கட்டிவிட்டுக் கீழே குனிந்தேன்.
ஏணியின் இரு காலையும் அணைத்துப் பிடித்தபடி,
வேண்டாம் என்று கைதூக்கிய ஆறு பேரில் ஒருத்தி,
"பார்த்து இறங்கு" என்றாள்.