கட்டம் ஏழு

மாவட்ட அலுவலகத்தில் ஒரு கைக்கணினி கொடுத்தார்கள்,
கழுத்துக்கு நீலப் பட்டையில் அட்டை.
நாளுக்கு எழுபது வெள்ளி. பெட்ரோல் என் பாடு.
மூன்று மாதம்.
போன வருட மானியத்தில்
நிபோங் திபால் சுற்றுவட்டக் கம்பங்களில்
எத்தனை வேலை முளைத்தது என்று
மோட்டார் சைக்கிளில் போய் எண்ணிவர வேண்டும்.

இரண்டு வருடம் மனு எழுதியவளுக்கு
வேலைகளை எண்ணுவதே வேலை.
சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டேன்.

வால்டோரில் கோமளவல்லி அக்கா வீட்டில்
மிளகாய் அரைக்கும் இயந்திரம்
பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நிற்கிறது.
அது கேட்பது மும்முனை மின்சாரம்.
வீட்டுக்கு வருவது ஒருமுனை.
"கம்பத்துக்குக் கம்பம் வந்தாச்சு,
கம்பிதான் வரணும்" என்றார்.
உறையின்மேல் மகளின் பள்ளிச் சப்பாத்து
வெள்ளை பூசிக் காய்கிறது.
கட்டம் ஏழு, உருவான வேலைகள்: பூஜ்யம்.
குறிப்புக்கு இருநூறு எழுத்து இடம்.
கம்பியைப் பற்றி எழுதினேன்.
சப்பாத்தை விட்டுவிட்டேன்.

சுங்கை ஊடாங்கில் பாக் சோமாட் நண்டு வளர்க்கிறார்.
பெட்டிக்கு ஒன்று, எண்ணூறு பெட்டி;
சேர்த்து விட்டால் ஒன்றையொன்று தின்னுமாம்.
மருமகன் தொழிற்சாலைப் பஸ் ஓட்டுவதை விட்டுவிட்டு
நண்டுக்கு மீன் நறுக்குகிறான்.
அங்கே சம்பளம் கூட, இங்கே தூக்கம் கூட என்கிறான்.
ஒரு வேலை போய் ஒரு வேலை வந்தால்
அது பிறப்பா, இடமாற்றமா?
அதைக் கேட்க ஒரு கட்டமும் இல்லை.
ஒன்று என்று போட்டேன்.

சுங்கை பாக்காப்பில் செம்பனைக்கு நடுவே
புஷ்பநாதனின் காளான் கொட்டகை.
விதி: உள்ளூர்க்காரர் மூவர், முப்பத்தைந்து வயதுக்குள்.
அந்த வயதுக்காரர்கள்
வெள்ளி முளைக்கும் முன்பே
வெள்ளி தேடி
பத்து காவானுக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள்.
இருட்டோடு போய் இருட்டோடு திரும்புகிறார்கள்.
பாரத்தில் மூன்று பெயர்:
மனைவி தேவகுஞ்சரி, அவள் தம்பி,
ஜொகூரில் லோரி ஓட்டும் யாரோ ஒரு யோகேந்திரன்.
"பொய்தான் தங்கச்சி,"
தண்ணீர் தெளிப்பதை நிறுத்தாமல் சொன்னார்,
"ஆனா காளான் பொய் இல்லை."

புவான் நோர்ஹயாத்தி பட்டியலைக் கூட்டிப் பார்த்தார்.
கெட்டவர் இல்லை,
மதியச் சோற்றில் பாதியை என் தட்டில் தள்ளுபவர்.
மேலிடத்துக்குச் சொன்ன எண்ணுக்கு ஒன்று குறைந்தது.
"நீயும் கம்பத்துப் பெண்தானே?" என்று கேட்டு
கடைசி வரியில் ஒன்று சேர்த்தார்.
அந்த ஒன்று நான்.
வெள்ளிக்கிழமையோடு முடிகிற ஒன்று.

அந்த வெள்ளியன்று
காளான் கொட்டகைக்குக் கையெழுத்து வாங்கப் போனேன்.
தேவகுஞ்சரிக்குக் காய்ச்சல்,
தம்பி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தான்.
மூன்று மணிக்குச் சந்தை லோரி வந்துவிடும்.
புஷ்பநாதன் என்னைக் கேட்கவில்லை,
கடிகாரத்தைப் பார்த்தார், அவ்வளவுதான்.
அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.
நூற்றுப் பத்துப் பொட்டலம்.
காளான் ஒவ்வொன்றும்
யாருடையதோ ஒரு காது போல
கையில் குளிர்ந்தது.
இருபது வெள்ளி நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் செம்பனை நிழலில் வண்டியை நிறுத்தி
மூன்றாவது பெயரை அழித்தேன்.
என் பெயரை எழுதவில்லை.
அரை நாளை வேலை என்று எப்படிச் சொல்வது,
இல்லை என்றுதான் எப்படிச் சொல்வது.
இடத்தைக் காலியாக விட்டு
அனுப்பு என்பதை அழுத்தினேன்.
திரை சிவந்தது:
இந்தக் கட்டத்தைக் கட்டாயம் நிரப்பவும்.