நாலரை மணிப் பட்டியல்

செந்தூல் டயாலிசிஸ் நிலையத்தில்
நாற்காலிகள் பதினான்கு.
அவற்றுக்கான நிரலை எழுதியவன் நான்.
சம்பளம் கிடையாது,
சனிக்கிழமைதோறும் ஒரு கோப்பி.

சுவரில் தொங்கும் திரைக்குப்
படிக்கும் கண் மட்டும் கொடுத்தேன்.
தாதி ரோஸ்னானியின் கைக்கணினிக்குச்
சேர்க்கவும் நீக்கவும் விரல் கொடுத்தேன்.
இரண்டு பட்டியல் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.
ஒன்றுதான்.
ஒரே அறைக்கு
இந்தப் பக்கம் கண்ணாடி, அந்தப் பக்கம் கதவு.

"திரை மாறாதுன்னு சொன்னியே தம்பி,
நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே மாறுது"
என்றார் வேன் ஓட்டும் ஜெகதீசன்.
திரையால் மாற்ற முடியாது என்றுதான் சொன்னேன்,
மாறாது என்று சொல்லவில்லை.
அவருக்கு அது வக்கீல் பேச்சாகப் பட்டது.
சொல்லி முடித்தபின் எனக்கும்.

பிறகு ஒரு நாள்
வழித்தடத்துக்காகப் பெயர்களை எண்ணுகையில்
ரோஸ்னானி ஒன்றை நகர்த்தினாள்.
எண்ணும்போது கை வைத்தால்
நிரல் முறுக்கிக்கொண்டு நின்றுவிடும்.
நின்றது.
ஜாலான் ஈப்போவில் விடியும்வரை
வேன் உறுமிக்கொண்டே கிடந்தது.

ஆகவே நகல்.
தினமும் நாலரைக்கு ஒன்று எடுத்து
முத்திரையிட்டு அச்சிட்டேன்.
ரோஸ்னானி தொட முடியாது, நானும்கூட.
ஒரு மாதம் ஒரு பிசகில்லை.
சனிக்கிழமைக் கோப்பியோடு
கறிபாப் இரண்டு வந்தது.

அந்தச் செவ்வாய்
ஐந்து மணிக்கு நிலையத்தில் தொலைபேசி அடித்தது.
ஐந்து பத்துக்குத் திரையில் பதின்மூன்று பேர்.
ஜெகதீசன் மடியில் இருந்த தாளில்
பதினான்கு.

பத்து மூடா அடுக்குமாடி, சி பிளாக்.
இரண்டு ஹாரனுக்கு
வேதவல்லி இறங்கிவிடுவார்,
பிளாஸ்டிக் பையில் போர்வையோடு.
மூன்றாவதும் அடித்தார்.
மகன் இறங்கி வந்தான், செருப்பில்லாமல்.
வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அன்று மாலை போன் வந்தது.
திட்டுவார் என்று காத்திருந்தேன்.
"உன் லிஸ்ட் சரியாத்தான் இருந்துச்சு தம்பி.
நாலரைக்கு அந்தம்மா இருந்தாங்க."

நகலை எடுத்துவிட்டேன்.
இப்போது ஒவ்வொரு வாசலுக்கு முன்பும்
வேன் ஒருமுறை கேட்டுக்கொள்கிறது.
சில விடியல்களில்
எண்ணிக்கை பாதியில் தடுக்கி நிற்கிறது.
ஜெகதீசன் எஞ்சினை அணைத்துவிட்டு,
ஹாரன்மேல் கை வைக்காமல்,
காத்திருக்கிறார்.